மக்கள் தொகையும் பள்ளிக்கூடமும்

ஒரு நாட்டின் வளத்தை அளக்கப் புகுவோர் அதன் மலையையும் ஆற்றையும் நோக்குவர். வயலையும் சுரங்கத்தையும் எண்ணுவர். ஆலைகளின் புகைபோக்கிகளைக் கணக்கிடுவர். இவை யாவும் வளமே. ஆயினும், இவற்றை ஆளவேண்டிய மக்கள் எழுத்தறியாதவராயும் நோயால் நலிந்தவராயும் இருப்பரேல், அவ்வளம் பூட்டிய பெட்டியினுள் கிடக்கும் பொன்னையே ஒக்கும். பெட்டியைத் திறக்கும் திறவுகோல் இரண்டு. ஒன்று கல்வி, மற்றொன்று உடல்நலம். இவ்விரண்டும் வளர்ந்த நாட்டில் மக்கள் தொகையும் தானே ஓர் ஒழுங்கிற்கு வரும்.

இவ்வுண்மையை உலகம் எளிதில் உணர்ந்துகொள்ளவில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், வளரும் நாடுகளின் மக்கள்தொகை பெருகுவது கண்டு அறிஞர் பலர் அஞ்சினர். வாய்கள் பெருகினால் சோறு ஏது என்பது அவர்தம் கவலை. இக்காலத்திலோ, பிறப்புக் குறைந்துவிட்டதே, முதியோரைத் தாங்குவார் யார் எனச் சிலர் அஞ்சுகின்றனர். முன்னவர் ‘குறையுங்கள்’ என்றனர். பின்னவர் ‘பெருக்குங்கள்’ என்கின்றனர். இருசாராரும் எண்ணையே நோக்குகின்றனர். அந்த எண்ணுக்குள் இருக்கும் குழந்தையை நோக்குவாரில்லை. குழந்தையை நோக்கினால் எண் தானே சீர்படும் என்பதற்குத் தமிழ்நாட்டின் வரலாறே சான்று பகரும்.

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில், திருவள்ளூருக்கு மேற்கே அமைந்துள்ளது கடம்பத்தூர். நெல் வயல்களும் ஏரிகளும் சூழ்ந்த சிற்றூர்களுக்கு நடுநாயகமாய் விளங்குவது. தமிழ்நாட்டுக் கல்வி வரலாற்றில் இவ்வூருக்குத் தனிச்சிறப்பு ஒன்று உண்டு. பள்ளிச் சீரமைப்பு மாநாடு என்னும் பேரியக்கம் 1958ஆம் ஆண்டில் முதன்முதல் இங்கேதான் தோன்றியது. அன்று காமராசர் முதலமைச்சர், சி. சுப்பிரமணியம் கல்வியமைச்சர், நெ. து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநர்.

அக்காலத்தின் நிலையை இன்றைய மாணவர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1951ஆம் ஆண்டுக் கணக்கின்படி, இன்றைய தமிழ்நாட்டு எல்லைக்குள் வாழ்ந்தோர் ஏறத்தாழ மூன்று கோடியர். அவருள் எழுத்தறிந்தவர் நூற்றுக்கு இருபத்தொருவர் அளவினரே. பெண்களுள் எழுத்தறிந்தோர் இன்னும் குறைவு. பள்ளி இருந்த ஊர்களிலும் அதற்கு நல்ல கூரை இராது. கூரை இருந்தால் கரும்பலகை இராது. இரண்டும் இருந்தால் பிள்ளைகள் இரார். பசித்த பிள்ளை மாடு மேய்க்கச் சென்றது. பெண்பிள்ளை தம்பியை இடுப்பில் சுமந்து வீட்டில் நின்றது.

ஐந்நூறு மக்கள் வாழும் ஊர்தோறும் பள்ளி என்பது அரசின் குறிக்கோளாயிற்று. பள்ளியைத் திறப்பது ஓர் ஆணையால் இயலும்; அதனை நிரப்புவதும் நிலைநிறுத்துவதும் ஆணையால் மட்டும் இயலா. அரசின் கருவூலமோ சிறியது. ஆதலால், ஒவ்வொரு பள்ளிக்கும் வேண்டுவன யாவை எனப் பட்டியல் எழுதி, அதனை ஊரார் முன் வைத்து, ‘இது உங்கள் பள்ளி, உங்களால் இயன்றதைச் செய்யுங்கள்’ என்று கேட்பதே பள்ளிச் சீரமைப்பு மாநாட்டின் முறை. கடம்பத்தூரில் தொடங்கிய அம்முறை பின்னர் மாநிலமெங்கும் பரவிற்று. நிலம் உடையோர் நிலம் தந்தனர். பொருள் உடையோர் கட்டடம் எழுப்பினர். மேசை, நாற்காலி, கரும்பலகை, நூல், சீருடை, குடிநீர்ப் பானை என அவரவர் ஆற்றலுக்கு ஏற்பப் பலரும் வழங்கினர். கொடுத்த பொருளினும், கொடுத்த பின் எழுந்த ‘நம் பள்ளி’ என்னும் உரிமையுணர்வே பெரிது. தான் கால் நாட்டிய பந்தலில் தன் பிள்ளை அமராதிருக்க எந்தத் தந்தையும் உடன்படான்.

பள்ளிக்கு வந்த பிள்ளையைப் பசி வீட்டிற்குத் திருப்பி அனுப்பாமல் காக்க வேண்டுமன்றோ? அதற்கும் தமிழகம் வழி கண்டது. சர் பிட்டி தியாகராயர் தலைமையில் இயங்கிய சென்னை மாநகராட்சி, 1920ஆம் ஆண்டிலேயே ஆயிரம் விளக்குப் பகுதியில் உள்ள பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவு வழங்கத் தொடங்கியது. 1956ஆம் ஆண்டில் காமராசர் ஆட்சி அதனை மாநிலத் திட்டமாக்கியது. அரசு ஒரு பங்கு தர, ஊரார் ஒரு பங்கு தந்து அடுப்பு மூட்டினர். 1982ஆம் ஆண்டில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாய் விரிந்தது. பின்வந்த ஆட்சி முட்டை சேர்த்தது. 2022ஆம் ஆண்டில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. அத்திட்டம் ஊர்ப்புறத்து அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் 2024ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 15ஆம் நாள் விரிவாக்கப்பட்டபோது, அதன் தொடக்க விழா நிகழ்ந்த இடம் கடம்பத்தூர் ஒன்றியத்தைச் சேர்ந்த கீழச்சேரி ஆகும். ஆட்சிகள் மாறின, கட்சிகள் மாறின, பிள்ளையின் தட்டில் சோறிடும் கை மட்டும் மாறவில்லை. இத்தொடர்ச்சியே தமிழ்நாட்டின் பெருமை.

கல்விக்குத் துணையாய் நின்றது மக்கள் நலப்பணி. தொற்றுநோய் தடுத்தல், குடிநீர் காத்தல், தூய்மை பேணல் ஆகியவற்றைச் சட்டத்தால் ஒழுங்குபடுத்தும் பொதுச் சுகாதாரச் சட்டம் 1939ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்டது. 1946ஆம் ஆண்டில் வெளிவந்த போர் குழுவின் அறிக்கை, நோய் வந்தபின் மருந்து தருவதனினும் நோய் வாராது காப்பதே தலையாயது எனக் கூறி, ஊர்ப்புறங்களில் நலநிலையங்களை அமைக்க வழிகாட்டியது. அவ்வழியே தோன்றியவை ஆரம்பச் சுகாதார நிலையங்கள். அங்கிருந்து புறப்பட்டு, வெயிலென்றும் மழையென்றும் பாராது வீடுவீடாகச் செல்லும் செவிலியரே இப்பணியின் உயிர்நாடி. கருவுற்ற தாயின் பெயரை ஏட்டில் எழுதுவதும், பிறந்த குழந்தைக்குத் தடுப்பூசி இடுவதும், குழந்தையின் எடை குறைந்தால் தாய்க்கு அறிவுரை கூறுவதும் அவர்தம் கடமை.

ஏழை நாட்டில் நல்ல மருத்துவம் இயலாது என்பாரும் இருந்தனர். அக்கூற்றைப் பொய்யாக்கிய ஆராய்ச்சி ஒன்று சென்னையிலேயே நிகழ்ந்தது. 1956ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற காசநோய் ஆராய்ச்சி நிலையம், நோயாளருள் ஒரு பகுதியினரை மருத்துவமனையிலும், மற்றொரு பகுதியினரை அவரவர் எளிய வீட்டிலேயும் வைத்து மருந்து தந்து ஆராய்ந்தது. வீட்டில் இருந்து மருந்துண்டவரும் மருத்துவமனையில் இருந்தவர்போலவே நலமடைந்தனர். வீட்டில் உள்ள பிறருக்கு அதனால் மிகுதியான தீங்கும் நேரவில்லை. பெரிய மாளிகை வேண்டா, முறையாக உட்கொள்ளும் மருந்தும் தவறாது வந்து பார்க்கும் பணியாளருமே வேண்டும் என்பது தெளிவாயிற்று. வளரும் நாடுகள் பலவற்றிற்கு அது வழிகாட்டியாய் அமைந்தது. பெரியம்மை 1975ஆம் ஆண்டோடு இந்நாட்டை விட்டு அகன்றது. இளம்பிள்ளை வாதத்தின் இறுதி நோயாளர் 2011ஆம் ஆண்டில் காணப்பட்டார். 2014ஆம் ஆண்டில் இந்தியா அந்நோய் நீங்கிய நாடெனச் சான்று பெற்றது.

இவற்றின் பயனை ஓர் எண்ணால் உணரலாம். 1971ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் ஓராண்டு நிரம்புமுன் இறந்தவை ஏறத்தாழ 113. 2020ஆம் ஆண்டிலோ அத்தொகை 13 ஆகக் குறைந்தது. நூறு தாயர் அழுத ஊரில் நூறு தாயர் தாலாட்டுப் பாடினர் என்பதே இதன் பொருள்.

குழந்தைகள் பிழைத்தால் மக்கள் தொகை மேலும் பெருகுமன்றோ என ஐயுறுவார் உளர். தொடக்கத்தில் பெருகத்தான் செய்யும். இறப்பு முதலில் குறையும். பிறப்பு சிறிது காலம் தாழ்த்தே குறையும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட காலத்தில் தொகை பெருகுவது உலகெங்கும் கண்ட இயல்பு. 1951ஆம் ஆண்டில் மூன்று கோடியாய் இருந்த தமிழ்நாட்டின் தொகை 2011ஆம் ஆண்டில் 7 கோடியே 21 இலட்சமாய் வளர்ந்தது இவ்வாறே. ஆயினும், பெற்ற பிள்ளை பிழைக்கும் என்னும் உறுதி பிறந்தபின், ஆறு பெற்றால்தான் மூன்று தங்கும் என்னும் பழைய கணக்கு வேண்டாததாயிற்று. 1971ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுப் பெண்ணொருத்தி தன் வாழ்நாளில் பெறும் மக்கள் சராசரியாக 3.9 என மதிப்பிடப்பட்டது. 2020ஆம் ஆண்டில் அது 1.4 ஆயிற்று. பெற்றோர் இருவரின் இடத்தை நிரப்ப வேண்டுவது 2.1 என்பர். அதனினும் கீழே தமிழ்நாடு இறங்கிவிட்டது.

இம்மாற்றத்தில் பெண்கல்விக்கு உள்ள பங்கு பெரிது. எட்டாம் வகுப்பு வரை பயிலும் பெண், பதின்மூன்று வயதில் மணமேடை ஏறுவதில்லை. பன்னிரண்டாம் வகுப்பு வரை பயில்பவளோ பதினெட்டு வரை பள்ளியிலேயே இருக்கிறாள். 1929ஆம் ஆண்டின் குழந்தைமணத் தடைச் சட்டம் பெண்ணின் மணவயதைப் பதினான்கு என வரையறுத்தது. 1978ஆம் ஆண்டுத் திருத்தம் அதனைப் பதினெட்டாக்கியது. எனினும், ஏட்டில் இருந்த சட்டத்தை வீட்டிற்குக் கொண்டு சேர்த்தது பள்ளியே. எழுத்தறிந்த தாய் மருந்துப் புட்டியின் மேல் எழுதியதைப் படிப்பாள். தடுப்பூசி நாளை நினைவில் வைப்பாள். எத்தனை பிள்ளைகள் வேண்டும், எப்போது வேண்டும் என்பதைத் தன் கணவனோடு சமமாய் அமர்ந்து எண்ணுவாள். 1989ஆம் ஆண்டில் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் அமைந்த திருமண உதவித் திட்டம், எட்டாம் வகுப்பு வரை பயின்ற பெண்ணுக்கே உதவி என்றது. 2022ஆம் ஆண்டில் அத்திட்டம், அரசுப் பள்ளியில் பயின்று மேற்கல்வி கற்கும் பெண்ணுக்குத் திங்கள்தோறும் ஆயிரம் ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டமாய் மாறியது. மணத்திற்குத் தந்த பொருள் கல்விக்குத் தரும் பொருளாய் மாறியதே ஒரு நாட்டின் மனமாற்றத்தைக் காட்டுவதாகும்.

இத்தனை பொறுமை எதற்கு? கட்டாயப்படுத்தினால் விரைவில் முடியாதா? என்று கேட்பார்க்கும் வரலாறு விடை தருகிறது. நெருக்கடி நிலை நிலவிய காலத்தில், 1976-77ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் எண்பது இலட்சத்திற்கு மேற்பட்டோர்க்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. வடநாட்டின் பல பகுதிகளில் வன்முறையும் அச்சுறுத்தலும் கலந்தன. விளைவு யாது? மக்கள் நலப்பணியாளரைக் கண்டாலே அஞ்சி ஒளிந்தனர். குடும்பநலம் என்னும் நற்சொல்லே பழிச்சொல்லாயிற்று. அடித்துக் கனியவைத்த காய் இனிப்பதில்லை. தமிழ்நாட்டிலும் குறையில்லை எனல் ஆகாது. இங்கும் குடும்பநலத் திட்டம் ஊக்கத்தொகையாலும் இலக்குகளாலும் முடுக்கப்பட்ட காலம் உண்டு. அறுவையின் சுமை ஏறத்தாழ முழுவதும் பெண்கள்மீதே வீழ்ந்தது. ஆடவர் அச்சுமையைப் பகிர்ந்துகொள்ளாமை நம் நாகரிகத்திற்கு ஓர் இழுக்கே. எனினும், பள்ளியும் நலநிலையமும் அருகில் இருந்தமையால், இம்மாநிலத்துப் பிறப்பு விகிதம் வன்முறையின்றியே தாழ்ந்து, தாழ்ந்த நிலையில் நின்றது.

இனிப் பிறப்பைப் பெருக்குக என்பார் கூற்றை ஆராய்வோம். பிறப்பு மிகத் தாழ்ந்தால் தொல்லை விளையும் என்பது மெய்யே. தென்கொரிய நாட்டில் 1960ஆம் ஆண்டளவில் பெண்ணொருத்தி ஆறு மக்களைப் பெற்றாள். 2023ஆம் ஆண்டில் அது 0.72 ஆயிற்று. பொருளுதவி பல தந்தும் அந்நாட்டரசு பிறப்பைப் பழைய நிலைக்கு உயர்த்த இயலவில்லை. ஆணையிட்டுக் குறைக்க முயன்றார் கண்ட தோல்வியையே, ஆணையிட்டுப் பெருக்க முயல்வாரும் காண்பர். பெண்ணின் விருப்பத்தைக் கேளாது வகுக்கும் கணக்கு எதுவும் சரிவரக் கூடாது.

அவ்வாறாயின் பிள்ளைகள் குறைந்த ஊர்ப்பள்ளிகளை மூடிவிடலாமா? இங்கேதான் கடம்பத்தூர்ப் பகுதி மீண்டும் ஒரு பாடம் தருகிறது. தமிழ்நாட்டில் பிறப்புக் குறைந்தது. ஆனால் திருவள்ளூர் மாவட்டத்து மக்கள் தொகையோ 2001 முதல் 2011 வரையிலான பத்தாண்டுகளில் 27 இலட்சத்து 55 ஆயிரத்திலிருந்து 37 இலட்சத்து 28 ஆயிரமாய், நூற்றுக்கு முப்பத்தைந்து வீதம் பெருகியது. இவ்வளவு பெருக்கம் பிறப்பினால் மட்டும் வாராது. மக்கள் வெளியிலிருந்து வந்தமையே பெருங்காரணம். சென்னை நகரம் தன் எல்லைகடந்து பரவியது ஒருபுறம்; கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை முதலிய இடங்களில் ஆலைகள் பெருகியது மற்றொருபுறம். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிற வடபுலங்களிலிருந்தும் உழைப்போர் வந்தனர். செங்கற்சூளைகளில் கல் அறுக்க ஒடிசாவிலிருந்து வருவோர், கணவன் மனைவி மக்கள் எனக் குடும்பத்தோடு வருகின்றனர். சூளைப் பருவம் பள்ளியாண்டின் நடுவில் தொடங்குகிறது. அப்போது அவர்தம் பிள்ளைகள் தம் ஊர்ப்பள்ளியை விட்டு நீங்குகின்றனர். வந்த ஊரின் பள்ளியிலோ பலர் சேர்வதில்லை. மொழி தெரியாது, மாற்றுச் சான்றிதழ் இராது, அழைத்துச் செல்வாரும் இரார். பச்சைக்கல்லைத் திருப்பி அடுக்கும் பிஞ்சுக் கைகள் பலகையும் எழுதுகோலும் பிடிக்க வேண்டியவை அல்லவா?

சட்டம் அப்பிள்ளைகளைக் கைவிடவில்லை. 2009ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2010ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் பதினான்கு வயதுடைய எப்பிள்ளைக்கும் பள்ளியில் இடமுண்டு என்கிறது. வயதுச் சான்று இல்லை என்றோ, மாற்றுச் சான்றிதழ் வரத் தாழ்ந்தது என்றோ, ஆண்டின் நடுவில் வந்தது என்றோ எப்பிள்ளையையும் திருப்பி அனுப்புதல் கூடாது. வயதிற்கேற்ற வகுப்பில் சேர்த்து, விடுபட்ட பாடத்தைக் கற்பிக்க வேண்டுவதும் பள்ளியின் கடமையே. ஆனால் 1958ஆம் ஆண்டில் கண்ட உண்மையே இன்றும் உண்மை. சட்டம் கதவைத் திறக்கும். கையைப் பிடித்து உள்ளே அழைப்பது ஊரே.

‘அவர் பிள்ளைக்கு நாம் ஏன் செய்யவேண்டும்?’ எனக் கேட்பார், தமிழர்தம் வரலாற்றின் ஒரு பக்கத்தைப் புரட்டிப் பார்த்தல் நன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழர் பல்லாயிரவர் பசிக்கு ஆற்றாது கடல்கடந்து சென்று இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களில் உழைத்தனர். அந்நாடு கல்வியிலும் நலத்திலும் வளரும் நாடுகளுக்கெல்லாம் எடுத்துக்காட்டு எனப் பிற்காலத்தே புகழ்பெற்றது. கன்னங்கரா என்னும் கல்வியமைச்சர் முயற்சியால் 1945ஆம் ஆண்டிலேயே அங்கு இலவசக் கல்வி மலர்ந்தது. ஆயினும் அம்மலரின் மணம் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகளை எட்டவில்லை. தோட்டப் பள்ளிகள் பல ஓராசிரியர் நடத்தும் சிறு கொட்டகைகளாகவே கிடந்தன. 1970களில்தான் அரசு அவற்றை ஏற்றது. அதற்குள் இரண்டு தலைமுறை எழுத்தறியாது கழிந்தது. தோட்டத்துக் குழந்தைகளின் இறப்பும் நாட்டின் ஏனைய பகுதியினும் மிகுந்தே இருந்தது. நாட்டின் சராசரி உயர்ந்தது. அச்சராசரிக்குள் வந்தேறிய உழைப்பாளியின் பிள்ளை மறைந்து போயிற்று. அன்று மறைக்கப்பட்டவர் நம்மவர். இன்று வந்து நிற்பவர் பிறர். நம்மவர்க்கு நேர்ந்த தீங்கைப் பிறர்க்கு நாம் செய்தல் முறையாகுமா?

முறை மட்டுமன்று, அறிவும் அதுவே. தமிழ்நாட்டில் முதியோர் தொகை வளர்ந்து வருகிறது. 2011ஆம் ஆண்டிலேயே அறுபது வயது கடந்தோர் நூற்றுக்குப் பத்தினர்க்கு மேல் இருந்தனர். நாளை வயலிலும் ஆலையிலும் மருத்துவமனையிலும் உழைக்கப் போவோருள், இன்று சூளை ஓரத்தில் விளையாடும் பிள்ளையும் ஒருவராய் இருத்தல் கூடும். அப்பிள்ளை எழுத்தறிந்து நலமுற வளர்ந்தால் நாட்டிற்குத் துணை. எழுத்தறியாது நோயுற்று வளர்ந்தால் அது பிள்ளையின் குற்றமன்று, பார்த்திருந்த நம் குற்றமே. நோயும் எல்லை அறியாது. தடுப்பூசி பெறாத குழந்தை ஒன்று ஊரோரத்தில் இருக்கும்வரை, ஊர் முழுவதும் காப்புடையது எனல் இயலாது.

ஆதலால், பிள்ளைகள் குறைந்தனர் என்று பள்ளியை மூட எண்ணும் ஊர், முதலில் தன் எல்லையை ஒருமுறை சுற்றிப் பார்த்தல் வேண்டும். வகுப்பில் வெறுமையாய்க் கிடக்கும் பலகைக்கும், சூளையில் வெறுமையாய்க் கழியும் இளமைக்கும் இடையே உள்ள தொலைவு பல ஊர்களில் இரண்டு கல் அளவே. அத்தொலைவைக் கடத்தற்குப் பெருஞ்செல்வம் வேண்டா. இருமொழி அறிந்த ஓர் ஆசிரியர், காலையில் பிள்ளைகளை ஏற்றிவர ஒரு வண்டி, தட்டில் மற்றப் பிள்ளைகளோடு ஒப்ப ஒரு பிடி சோறு, செவிலியின் ஏட்டில் ஒரு பெயர் ஆகிய இவை போதும். அன்று நிலமும் கட்டடமும் தந்தோர்க்கு இவை அரியன அல்ல. ஆலையும் சூளையும் நடத்துவோர்க்கும் இதில் பங்குண்டு. தந்தையின் உழைப்பைக் கொள்வோர் பிள்ளையின் கல்விக்கு வழிவிடுதல் கடனாகும்.

மாணவர்க்கும் இதில் செய்யத்தக்கது உண்டு. தம் தெருவிலோ ஊர்ப்புறத்திலோ பள்ளி செல்லாத பிள்ளையைக் கண்டால், அதனைத் தலைமையாசிரியர்க்கு அறிவித்தல் ஒன்று. மொழி அறியாது புதிதாய் வந்து அமர்ந்த பிள்ளையை எள்ளாது, தன் அருகில் இருத்தி, ‘அம்மா, இலை, நீர்’ என நாளும் ஒரு சொல் கற்பித்தல் மற்றொன்று. அப்பிள்ளையின் மொழியில் ஒரு சொல் தான் கற்றல் மூன்றாவது. சிறியன எனத் தோன்றினும், பெருஞ்சட்டங்கள் செய்ய இயலாததை இவை செய்து முடிக்கும்.

மக்கள் தொகை என்பது மண்ணை அழுத்தும் பாரமன்று. கல்லாமையும் நோயுமே பாரம். அப்பாரத்தை ஊர்கூடித் தேர் இழுப்பதுபோல் இழுத்து அகற்றத் தமிழ்நாடு ஒருமுறை முனைந்தது. பெரும்பகுதி வென்றும் காட்டியது. தேர் இன்னும் நிலைக்கு வந்து சேரவில்லை. புதிதாய் வந்தோரின் தெரு ஒன்று எஞ்சியிருக்கிறது. அத்தெருவின் வழியும் தேர் சென்று திரும்புதல் வேண்டும். வடம் இப்போது இளைஞர் கையில் உள்ளது.